‘ஃபார்மர்’ என்றால் குத்தகைக்காரர்

‘ஃபார்ம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நிலம் என்ற பொருள் பிற்பாடு வந்தது. முதலில் அதற்குப் பணம் என்றுதான் பொருள். இன்னும் சரியாகச் சொன்னால், விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்டியே தீரவேண்டிய தொகை. லத்தீனில் ‘ஃபிர்மா’ என்றால் உறுதியாகப் பேசி முடித்தது. அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய், ஆண்டுக்கு இவ்வளவு என்று மாற்றமில்லாமல் கட்டும் பணத்துக்குப் பெயராயிற்று. எங்கள் நன்னிலம் பக்கத்துப் பேச்சில் அதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: கட்டுக்குத்தகை.

அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். ஃபார்ம் என்றால் பண்ணை, ஃபார்மர் என்றால் விவசாயி என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். இன்றைய வழக்குக்கு அது சரிதான். ஆனால் இந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள், அதிலும் விவசாயி யார் என்று பட்டியல் போடும் இடத்தில் இருப்பவர்கள், தெரிந்துகொள்ள வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். நிலத்துச் சொந்தக்காரரைத்தான் அரசாங்கக் காகிதங்கள் விவசாயி என்கின்றன. அந்த ஆங்கிலச் சொல் பிறந்தபோது அது சொந்தக்காரருக்கு எதிர்ப்புறம் நின்றவரின் பெயராக இருந்தது.

1086-ல் இங்கிலாந்தில் வில்லியம் அரசர் எடுக்கவைத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் ‘ஓரிரவு ஃபார்ம்’ என்று ஒரு வரி வருகிறது. அரசரும் பரிவாரமும் ஓரிரவு தங்கிச் சாப்பிட ஆகும் பண்டங்களை, அல்லது அதற்கு ஈடான பணத்தைச் சில ஊர்கள் கட்டவேண்டும். ஒரு மாவட்டம் முழுவதற்குமே ஃபார்ம் உண்டு. அரசருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஷெரீஃப் ஒப்புக்கொள்வார். வசூலில் அதற்கு மேல் வருவது அவருக்கு. அரசர் அந்தத் தொகையை ஏற்றிக்கொண்டே போனால் சுமை கடைசியில் குடிகள்மேல்தான் இறங்கும். 1215-ல் ஜான் அரசரை மடக்கி முத்திரை வைக்கவைத்த மேக்னா கார்ட்டாவின் 25-ஆவது பிரிவு, மாவட்டங்களெல்லாம் பழைய ஃபார்முக்கே இருக்கவேண்டும், ஒரு காசும் ஏற்றக்கூடாது என்கிறது. அரசரின் சொந்த நிலங்களுக்கு மட்டும் விலக்கு. விசாரணையில்லாமல் யாரையும் சிறையில் போடக்கூடாது என்று சொன்ன சாசனம் என்றே பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். குத்தகையை ஏற்றாதே என்பதும் அதே சாசனத்தில் இருக்கிறது.

நிலத்தையும் இப்படித்தான் விட்டார்கள். பிரபுவின் நிலத்தை இத்தனை ஆண்டுக்கு, ஆண்டுக்கு இவ்வளவு என்று எடுத்தவர் ஃபார்மர். பதினாறாம் நூற்றாண்டு வாக்கில்தான் பணத்தின் பெயர், அந்தப் பணத்துக்கு விட்ட நிலத்தின்மேல் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் ஃபார்மர் என்றால் பெரும்பாலும் குத்தகைக்காரர்தான். ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வில் வரும் ராபர்ட் மார்ட்டின், நைட்லியின் நிலத்தை எடுத்துச் செய்பவர்.

தாமஸ் ஹார்டி 1874-ல் வெளியிட்ட ‘ஃபார் ஃப்ரம் த மேடிங் கிரவுட்’ நாவலின் நாயகன் கேப்ரியல் ஓக்கும் அப்படித்தான். சிறிய ஆட்டுப்பண்ணை ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்து, ஆடுகளைக் கடனுக்கு வாங்கி விட்டிருப்பார். அனுபவமில்லாத இளநாய் ஒன்று ஓரிரவு மந்தையைத் துரத்திக்கொண்டே போய்ச் சுண்ணாம்புப் பள்ளத்தில் விழவைத்துவிடும். ஆடுகளுக்குக் காப்பீடு கிடையாது. இருந்ததையெல்லாம் விற்றுக் கடனை அடைத்த பிறகு உடுத்திய துணிதான் மிஞ்சும். கூலியாள் பிடிக்கும் சந்தையில் போய் நின்று, கடைசியில் இன்னொருவரிடம் மேய்ப்பராகச் சேர்வார். விடிந்தபோது அவர் ஃபார்மர் இல்லை. இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போது கடைசி பெஞ்சுப் பையன்களும் சத்தமில்லாமல் கேட்பார்கள். அவர்களில் பலர் குத்தகைச் சாகுபடிக் குடும்பத்துப் பிள்ளைகள்; ஆடு போன இடத்தில் அவர்கள் நெல்லை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

பேசி முடித்த தொகைக்கு ஒப்படைப்பது என்ற பழைய பொருள் வயலுக்கு வெளியே எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். பிரான்சில் உப்பு வரி, புகையிலை, சுங்கம் இவற்றை வசூலிக்கும் உரிமையை அரசர் ஒரு செல்வந்தர் கூட்டத்துக்குக் குத்தகை விட்டிருந்தார். ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்த வேதியியலாளர் லவாய்சியே அதில் ஒரு பங்குதாரர். ஆங்கில நூல்களில் அவர் ‘ஃபார்மர் ஜெனரல்’. 1794 மே 8 அன்று புரட்சி அரசு அவர் உட்பட 28 வரிக்குத்தகைக்காரர்களின் தலையை வெட்டியது. டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் தாயில்லாத குழந்தையையே ஃபார்முக்கு விடுகிறார்கள். தலைக்கு வாரம் ஏழரைப் பென்னி வாங்கிக்கொண்டு பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் ஒரு பெண்ணிடம் ஆலிவர் போகிறான். வரும் பணம் மாறாது. பிள்ளையின் வயிற்றுக்குப் போவது குறையக் குறைய அவளுக்கு மிச்சம். தொகை ஒருவருக்கு உறுதியாகிவிட்டால், ஏற்ற இறக்கம் முழுவதும் இன்னொருவர் தலையில் இறங்குகிறது. ஊர் நிர்வாகத்துக்குச் செலவு உறுதியானது. பட்டினி கிடந்தது குழந்தை.

நம் ஊரில் குத்தகை என்ற சொல்லும் இதே அளவுக்கு அகலமானது. பேருந்து நிலையச் சைக்கிள் ஸ்டாண்டு, ஏரி மீன், சாலையோரப் புளியமரம், வாரச்சந்தை வசூல், தென்னந்தோப்பு எல்லாமே குத்தகைக்கு விடப்படுகின்றன. கிரிக்கெட் வர்ணனையாளர், எதிர்முனையில் கடைசி ஆட்டக்காரர் நிற்கும்போது மட்டையாளர் ‘ஸ்ட்ரைக்கை ஃபார்ம் செய்கிறார்’ என்பார். பந்தையெல்லாம் குத்தகைக்கு எடுத்த மாதிரி தானே ஆடுகிறார் என்று நாமும் சொல்லலாம், பொருந்தும். ஆரல்வாய்மொழியில் சுழலும் விண்ட் ஃபார்ம், கணினிகளை அடுக்கிவைத்த சர்வர் ஃபார்ம் இவையெல்லாம் நிலம் என்ற பிந்தைய பொருளிலிருந்து கிளைத்தவை.

சென்னைக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தச் சொல்லைப் பழைய பொருளோடுதான் கொண்டுவந்தார்கள். கோட்டையில் எழுதிவைத்த ஆவணங்களில் வெற்றிலை–புகையிலை ஃபார்ம், சாராய ஃபார்ம் என்றெல்லாம் வரும். வெற்றிலையையும் புகையிலையையும் நகரத்துக்குள் விற்கும் தனியுரிமையைப் பணம் கட்டி எடுத்த வணிகர்தான் அங்கே ஃபார்மர். 1763-ல் ஆற்காடு நவாபு முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனி அதை அவருக்கே குத்தகைக்குத் திருப்பி விட்டது. அவருக்குக் கீழே வசூல் செய்தவர்கள் அவரவர் மிச்சம் பார்த்தார்கள். குத்தகைக்குக் கீழே குத்தகை என்று படிப்படியாக இறங்கிய அந்த ஏணியில், ஏர் பிடித்தவனுக்கு எந்தக் காகிதத்திலும் பெயர் இல்லை.

இந்த இடைத்தட்டுகளை எடுத்துவிட்டு அரசாங்கமே குடியானவரிடம் நேராக வரி வாங்கவேண்டும் என்பதுதான் தாமஸ் மன்றோ வளர்த்த ரயத்துவாரி முறை. நல்ல நோக்கம்தான். ஆனால் பட்டாவில் யார் பெயர் ஏறியதோ அவர்தான் குடி என்றாயிற்று. தஞ்சாவூர்ச் சீமையில் பட்டா மிராசுதார்கள் பெயரில் ஏறியது. ஏர் ஓட்டிய பண்ணையாளும் வாரத்துக்கு உழுதவரும் கணக்குக்கு வெளியே நின்றார்கள். இருநூறு ஆண்டு ஆகியும் அரசாங்கத்தின் பார்வை அந்தப் பட்டாவைத் தாண்டி வயலுக்குள் இறங்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

என் கொழுந்தனார் ஒரு குத்தகைச் சாகுபடிக்காரர். சொந்த நிலம் இரண்டு மா. பிடித்துச் செய்வது பத்து மா. மூன்று மா ஓர் ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. வெளியூர் ஆட்களுக்குச் சொல்லவேண்டுமானால், குத்தகை நிலம் மூன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. மாவுக்கு மூன்று மூட்டை, 60 கிலோ மூட்டை, கட்டுக்குத்தகை. எழுத்து ஒன்றும் கிடையாது. நிலத்துக்காரர் தாம்பரம் பக்கம் குடியேறிவிட்டார். நல்ல மனிதர், பொங்கலுக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுப்போவார். உரத்துக்கும் நடவுக்கும் களைக்கும் பணம் போடுவது கொழுந்தனார். நகையை வைத்துத்தான் பணம் புரட்டுவார். அதில் பாதி என் ஓரகத்தியின் நகை.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் பெய்த மழை பலருக்கு நினைவிருக்கும். சம்பா முற்றி, இன்னும் சில நாளில் அறுப்பு என்று நின்ற நேரம். அவர் வயலில் நானே போய்ப் பார்த்தேன். பயிர் பாய் விரித்தாற்போல் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. கதிரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் இருந்த மணிகளில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. ஈர வயலில் செயின் வண்டிதான் இறங்கும். நிமிர்ந்து நிற்கும் பயிரென்றால் சீக்கிரம் முடித்துவிடும். சாய்ந்ததை அறுக்க மெல்ல மெல்லப் போகவேண்டும். வாடகையோ மணிக் கணக்கு. அறுத்ததைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று தள்ளிவைத்தார்கள். சாலையில் கொட்டிக் காயவைத்து, மறுபடி மூட்டை பிடித்து, மறுபடி வரிசையில் நின்றார்.

பாதித்த நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அவர் செய்த பத்து மாவுக்குக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 27,000 ரூபாய் வரும். அந்தப் பணம் பட்டாதாரர் கணக்குக்குப் போனது. தாம்பரத்துக்காரர் மறைக்கவில்லை, அவரே போன் செய்தார். “பணம் எனக்கு ஏறியிருக்கு தம்பி. குத்தகையில கழிச்சுக்குவோம்” என்றார். முப்பது மூட்டைக் குத்தகை என்பது அன்றைய கொள்முதல் விலையில் சுமார் 38,000 ரூபாய். பயிர் போனவருக்கு என்று அரசு கொடுத்த பணம் குத்தகைப் பாக்கியாகக் கழிந்தது. மீதி நெல்லையும் இவர் அளந்தார். நிலத்துக்காரருக்கு அந்த ஆண்டு ஒரு மூட்டை குறையவில்லை. மழை பெய்தது முழுவதும் இவர் தலையில்தான். “அவரு மேல தப்பு சொல்ல முடியாது அண்ணி, பேச்சு பேச்சுதானே” என்றார் கொழுந்தனார். அவர் பெருந்தன்மை அவரோடு இருக்கட்டும். இது இரண்டு நல்ல மனிதர்கள் சேர்ந்து செய்த அநியாயம். அதற்கு வழிவிட்டது ஒரு காகிதம் இல்லாததுதான்.

பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்குத்தான். கொழுந்தனாருக்கு அந்த இரண்டு மாவால் கிடைக்கிறது. அடுத்த தெருவில் சொந்தமாக ஒரு குழிகூட இல்லாமல் ஐந்து மா செய்யும் விதவைப் பெண்ணுக்குக் கிடையாது. பயிர்க் காப்பீட்டு விதிகளில் குத்தகைக்காரர்களும் சேரலாம் என்று இருக்கிறது. சேருவதற்கு அடங்கலும் குத்தகைச் சான்றும் வேண்டும், வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு அதை யார் தருவார்கள்? இப்போது விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்கள். நில ஆவணத்தையும் ஆதாரையும் இணைத்துத்தான் அந்த எண். நாளைக்கு எல்லாத் திட்டமும் அந்த எண் வழியாகவே வரும் என்றால், எண் இல்லாதவர் விவசாயி இல்லை என்றாகிவிடும். ஒரு புதிய பட்டியல் எழுதும்போதே மன்றோ காலத்து விடுபடலையும் அதில் நகல் எடுப்பது சரியில்லை.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம், 1969-ல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். பின்னால் வந்த திருத்தத்தின்படி நியாயக் குத்தகை விளைச்சலில் 25 சதவீதம். உயிரைக் கொடுத்துப் போராடி வாங்கிய சட்டங்கள் இவை. பதிவானவருக்குப் பாதுகாப்பு உண்டு. அதனாலேயே நிலத்துக்காரர் பதிவுக்கு ஒப்புவதில்லை. எழுதிக்கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற பயம் ஊரெல்லாம் இருக்கிறது. ஒரே ஆளுக்குத் தொடர்ந்து விடாமல் மாற்றி மாற்றி விடுவதும் அதனால்தான்.

அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நிலத்துக்காரர் என்றால் இன்று எல்லோரும் மிராசுதார் அல்லர். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர், பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்க இங்கே தனியாக இருக்கும் பாட்டி, ஓய்வூதியமில்லாத பழைய வாத்தியார் இவர்களும் நிலத்துக்காரர்கள்தான். நான்கு மா நிலத்தின் குத்தகை நெல்லில்தான் அந்தப் பாட்டியின் சாப்பாடு. ஆகவே நிரந்தரக் குத்தகை உரிமையையும், இந்தப் போகத்தில் பயிர் வைத்தவர் யார் என்ற உண்மையையும் இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்பது என் கருத்து. முதலாவது பெரிய வழக்கு, அது நடக்கட்டும். இரண்டாவதற்கு ஒரு போகச் சான்று போதும். பயிர் வைத்தவர் இன்னார் என்று மட்டும் சொல்லும், நிலத்தின்மேல் எந்த உரிமையும் தராது, அறுப்போடு காலாவதியாகும். ஆந்திராவில் 2019-ல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்து பதினொரு மாத அட்டை தந்தார்கள். அதற்கும் நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததுதான் அதன் பலவீனம். 1978-ல் மேற்கு வங்கத்தில் தொடங்கிய பர்கா பதிவில் அதிகாரிகள் ஊருக்கே போய், எல்லோர் முன்னிலையிலும் கேட்டு வாரக்குடிகளின் பெயரை எழுதினார்கள். வயலை யார் செய்கிறார்கள் என்பது ஊரில் யாருக்குத் தெரியாது? நம் ஊர் டீக்கடையில் கேட்டால் புல எண் வாரியாகச் சொல்வார்கள்.

விவசாயி யார் என்பதற்கு இந்திய அரசே ஒருமுறை அழகான விளக்கம் எழுதியிருக்கிறது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர்ந்து வந்த 2007-ஆம் ஆண்டுக் கொள்கையில், குத்தகைக்காரர், வாரக்குடி, விவசாயக் கூலி, ஆடு மாடு வளர்ப்பவர், மீனவர், தேனீ வளர்ப்பவர் வரை எல்லோரும் விவசாயிகள்தான். அப்போதே எழுதியதை இன்றைய அடையாள எண் படிவத்தில் ஏற்றுவதற்கு என்ன தடை?

அடங்கல் என்பதே எந்தப் புலத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று பசலிதோறும் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு. பயிரைப் பார்க்க வயலுக்குப் போகிறவர், வைத்தவர் யார் என்பதையும் பார்த்து எழுதட்டும். நிவாரணமும் காப்பீட்டுத் தொகையும் அந்தப் பெயருக்குப் போகட்டும். விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்குமேல் போயிற்று என்று அரசே அறிவித்த ஊரில், அந்தப் போகத்துக் கட்டுக்குத்தகையும் அதே விகிதத்தில் குறையும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கட்டும். தனியார் நிலத்தில் இதைச் செய்யத் தயக்கமிருந்தால் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் தொடங்கலாம். டெல்டாவில் அவற்றைச் செய்பவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள்தான். கோயில் நிலங்களை மேற்பார்வை செய்வது அரசின் ஒரு துறை, அடங்கல் எழுதுவது இன்னொரு துறை. இரண்டும் ஒரே அரசாங்கத்துக்குள் இருக்கின்றன. அடுத்த பசலி ஜூலை முதல் தேதி பிறக்கிறது.